நிறைவது தெரியாத உடம்பு

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் ஜான் பீயின் கண் முதலில் போவது தரைக்குத்தான். சாணி மெழுகிய மண் தரை என்றால் கொஞ்சம் தைரியம் வரும், ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சிவப்புக் காவி போட்டு வழவழவென்று தேய்த்த சிமெண்டுத் தரை என்றால் உட்காரவே யோசிப்பாள். ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

முன்பெல்லாம் அவள் தரையைப் பார்த்தவள் இல்லை. கைகளைப் பார்த்தவள். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. கணவர் நூர் பாஷா தொப்பூர்ப் பக்கம் ரோட்டோர ஷெட் ஒன்றில் லாரிகளுக்கு சீட் தைத்துக்கொண்டிருந்தார். ஒரே மகளைக் கிருஷ்ணகிரியில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. ஜான் பீ தகரப் பெட்டி நிறைய கண்ணாடி வளையலை அடுக்கிக்கொண்டு நல்லம்பள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போவாள். வளையக்கார பாயம்மா என்றால் அங்கே குழந்தைக்கும் தெரியும். காய்ப்புக் காய்த்த கையானாலும் கட்டை விரலை உள்ளே மடக்கி, எலும்பைப் பதமாக அழுத்தி, ஒன்றுகூட உடையாமல் டஜன் வளையலை ஏற்றிவிடுவாள். வளைகாப்பு என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

எண்பத்து நாலாம் வருஷம், தை மாதம் முடிகிற சமயம். நல்லம்பள்ளியில் பஸ் நின்றதும், மேலே ஏறிய கிளீனர் அவசரத்தில் பெட்டியைச் சாய்த்து இறக்கினான். நழுவியதை எட்டிப் பிடித்தவள், பாரத்தோடு இடுப்பைத் திருப்பினாள். முதுகின் அடியில் படக்கென்று ஏதோ விட்டுப்போனது. அன்றைக்கு வலியோடுதான் வியாபாரத்தை முடித்தாள். வீட்டில் வந்து தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தாள். வலி இரண்டு கால்களிலும் இறங்கியது.

மறுநாள் குளிக்கும்போதுதான் அது தெரிந்தது. தொடைகளுக்கு நடுவே சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். கைக்குத் தொடை தெரிகிறது, தொடைக்குக் கை தெரியவில்லை. யாரோ ஒருத்தியின் உடம்பைக் கழுவுவது போலிருந்தது. அன்று முழுக்க ஒண்ணுக்குப் போகவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. தண்ணீர் குடித்தது குறைச்சல், அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த நாளும் அப்படியே. இதைப் போய் ஒரு ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது? கால் மடங்கி வாசலில் விழுந்த பிறகுதான் நூர் பாஷா டாக்சி பிடித்து சேலத்துக்குக் கொண்டுபோனார்.

"எலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு பிதுங்கி, கீழ போற நரம்பை எல்லாம் நசுக்கிடுச்சு," என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். "முதுகுவலியோட அடியில மரத்துப்போயி, ஒண்ணுக்கும் நின்னுபோச்சுன்னா, அந்த நிமிஷமே வந்திருக்கணும்மா. நாள் கடத்திட்டீங்க."

கால்கள் திரும்பி வந்தன. இரண்டு மாதத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மழைக்காலம் வருவதற்குள் பெட்டியைக்கூடத் தூக்கிப் பார்த்தாள். தொடைக்கு நடுவிலிருந்த மரப்பு மட்டும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் மூத்திரத்துக்குப் போட்டிருந்த டியூபை எடுத்துவிட்டு, நரம்பு தேறுவதற்கு நாளாகும், வந்து காட்டுங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். நடக்க ஆரம்பித்தவள் திரும்பப் போகவில்லை.

ஒழுக ஆரம்பித்தது வீட்டுக்கு வந்த பிறகுதான். வருவது தெரியாது. வந்ததும் தெரியாது. இருமினால் வரும், குனிந்தால் வரும், சும்மா உட்கார்ந்திருந்தாலும் வரும். புடவையைத் தொட்டுப் பார்த்துத்தான் நனைந்திருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாளில் எத்தனை தடவை பின்பக்கம் கையைக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்ப்பாளோ, அவளுக்கே தெரியாது. பழைய வேட்டியைக் கிழித்துப் பட்டை பட்டையாக மடித்து வைத்தாள். கறுப்பு, கரும்பச்சைப் புடவைகளாகப் பார்த்துக் கட்டினாள். பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்றம் அடிக்குமோ என்று அத்தரைப் பூசிக்கொண்டாள். அத்தர் வாசனையே ஊராரை யோசிக்க வைக்குமோ என்று அதற்கும் பயந்தாள்.

தொழுகையும் தடுமாறியது. கை கால் முகம் கழுவி ஒளு செய்து பாயில் நின்றால், குனியும்போது ஒழுகிவிடும். பள்ளிவாசல் அஜ்ரத்திடம் விசாரித்துவிட்டு வந்து நூர் பாஷா சொன்னார்: "நிக்காம ஒழுகறவங்க ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதுசா ஒளு செஞ்சி தொழுதுக்கலாமாம். பரவாயில்லியாம்." சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் படுக்கைக்கு அடியில் ஒருநாள் புது ரெக்சின் துண்டு ஒன்று விரிந்து கிடந்தது. ஓரம் மடித்துத் தைத்திருந்தது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

அவள் கண்டுபிடித்த மருந்து ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் குடிக்காமல் இருப்பது. வியாபாரத்துக்குப் போகிற நாளில் காலையில் அரை டம்ளர் டீ, அவ்வளவுதான். நாக்கு ஒட்டிக்கொள்ளும். தலை வலிக்கும். மூத்திரம் மஞ்சளாகி, கலங்கி, காட்டமாக வந்தது. அப்படியும் ஒழுகுவது நிற்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. குடிக்காத தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது?

மறு வருஷம் நல்லம்பள்ளிக்குத் தெற்கே ஒரு ஊரில் தீர்த்தம்மாள் வீட்டு வளைகாப்பு. கிணறும் தென்னையுமாக வசதியான பண்ணையம். மருமகள் காவேரிக்கு ஏழாம் மாதம். சிவப்புச் சிமெண்டுத் தரை. அதன்மேல் புதுக் கோரைப்பாய். காவேரியைப் பலகையில் உட்கார வைத்து, எதிரே முழங்காலோடு முழங்கால் இடிக்க ஜான் பீயை உட்காரச் சொன்னார்கள். சுற்றிலும் பெண்கள். அவள் துணியை இரட்டிப்பாக மடித்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். முந்தின நாள் மத்தியானத்துக்கு மேல் தண்ணீரே தொடவில்லை.

ஒரு கை முடிந்தது. அடுத்த கைக்கு வளையல் எடுக்கும்போது, கூட்டத்தில் ஒருத்தி காவேரியின் புருஷன் மாரப்பனைப் பற்றி ஏதோ சொல்ல, கொல்லென்று எல்லோரும் சிரித்தார்கள். ஜான் பீயும் சிரித்துவிட்டாள். அந்த வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சிரிப்பு அடங்கியபோது பாயைப் பார்த்தாள். அவள் மடியின் ஓரத்திலிருந்து ஒரு கருப்பு ஈரம் கோரைக்குள் ஊறிக்கொண்டே போய்க் காவேரியின் பட்டுப்புடவைக் கரையைத் தொட்டிருந்தது. எழுந்திருக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது. 

"அய்யய்யோ, கீழ பாருங்கடீ! தண்ணி!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். "பனிக்குடம் ஒடஞ்சிடுச்சு!"

"ஏழாம் மாசத்துலயா?"

"சாமி, என்னா சோதனை இது!"

காவேரியின் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு ஒண்ணும் தெரியலியே அத்தே... வலியே இல்லியே..." என்று வயிற்றை அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். யாரோ அவளைப் படுக்க வைக்கச் சொன்னார்கள், யாரோ அசைக்கக்கூடாது என்றார்கள். வாசலில் மாரப்பன் காருக்கு ஓடுகிற சத்தம் கேட்டது.

ஜான் பீக்கு ஒரு வழி தெரிந்தது. பேசாமல் இருந்துவிடலாம். பெண்ணைத் தருமபுரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்புவார். எல்லோரும் மாரியாத்தாளுக்கு நன்றி சொல்வார்கள். ஈரம் யாருடையது என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. இதை நினைத்தது உண்மை. ஆனால் காவேரியின் இடது கை இன்னும் அவள் கைக்குள்தான் இருந்தது. அது சில்லென்று ஆகி, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆவலீங்க," என்றாள். கூச்சலில் யார் காதிலும் விழவில்லை. மறுபடி சொன்னாள். "அது தண்ணிக்குடம் இல்லீங்க. அது... நானுங்க. எனக்கு நிக்கறதில்லீங்க."

 பக்கத்திலிருந்தவர்கள் புடவையை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். "நல்ல காரியத்துல வந்து..." என்று ஒரு கிழவி ஆரம்பித்தாள். தீர்த்தம்மாள் அவளைக் கையமர்த்திவிட்டு, மருமகளை உள்ளே அனுப்பினாள். ஜான் பீயைக் கையைப் பிடித்துத் தூக்கிப் பின்கட்டுக்குக் கொண்டுபோய், மாட்டுக்கொட்டகை மறைவில் ஒரு அண்டா தண்ணீரும் ஒரு பழைய புடவையும் கொடுத்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது.

"எத்தனை நாளா இப்புடி?"

"ஒரு வருசத்துக்கு மேலங்க. முதுகு ஆபரேசனுக்கப்புறம்."

"மூத்திரம் தானா போவுதா, இல்ல முக்கித்தான் போறியா?"

இப்படி யாரும் அவளிடம் கேட்டதில்லை. "முக்கினாலும் கொஞ்சந்தாங்க வருது. அப்புறம் அதுவா ஒழுகுது."

தீர்த்தம்மாள் உள்ளே போய் நனைந்த பாயை எடுத்துக்கொண்டு வந்தாள். "என் தம்பி மாதப்பன்," என்றாள் பிறகு. "புளியமரத்துலருந்து வுழுந்தான். கால் போச்சு. அவனும் இப்புடித்தான் ஒழுக்கிட்டுக் கெடந்தான். ஒழுகுதேன்னு தண்ணியே குடிக்கமாட்டான். வெளிய ஒழுகிட்டே இருந்துச்சு, உள்ளார தேங்கிட்டே இருந்துச்சு, எங்களுக்கு அது தெரியல. ஒரு நாளு குளிர் காச்சல் வந்துச்சு. மூஞ்சி வீங்கிச்சு. வாந்தி. அப்புறம் நெனவே இல்ல. கிட்னி ரெண்டும் செத்துப்போச்சுன்னாங்க." பாயைச் சுருட்டிக் கொட்டகை ஓரம் போட்டாள். "இனிமே எங்க வூட்டு விசேசத்துக்கு நீ வராத பாயம்மா. நான் ஒத்துக்கிட்டாலும் சனங்க ஒத்துக்க மாட்டாங்க. ஆனா வேலூரு பெரியாஸ்பத்திரிக்குப் போ. இந்த வாரமே போ."

அன்றிலிருந்து ஜான் பீக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. புடவை நனைவது, ஊர் சிரிப்பது எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று. காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று இமைகளை அழுத்திப் பார்த்தாள். வீங்கியிருக்கிறதா? லேசாகக் குளிர்ந்தாலும் அதுதான் காய்ச்சலோ என்று நடுங்கினாள். கணவரிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னபோது அவர், "நானே கேக்கணும்னு இருந்தேன். கேட்டா நீ வெக்கப்பட்டு ஒடைஞ்சிடுவியோன்னு பயம்," என்றார். ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

மொரப்பூரில் ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கினார்கள். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி. ஒரு டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முதல்ல போய் முடிஞ்ச மட்டும் ஒண்ணுக்குப் போயிட்டு வாங்க," என்று அனுப்பினார். ஜான் பீ முக்கினாள்; கொஞ்சம் வந்தது. திரும்பி வந்து படுத்ததும், ஒரு மெல்லிய ரப்பர் டியூபை நர்ஸ் உள்ளே விட்டார். வலிக்கவில்லை. ஆனால் சத்தம் கேட்டது. கீழேயிருந்த எனாமல் பாத்திரத்தில் விழுகிற சத்தம் நிற்கவேயில்லை. பாத்திரம் நிறைந்து, நர்ஸ் இன்னொன்றை எடுத்து வைத்தார். இவ்வளவும் தன் வயிற்றுக்குள்ளா இருந்தது? இதைத் தூக்கிக்கொண்டா ஊர் ஊராக அலைந்தாள்? பாத்திரத்தைக் காட்டியபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"உங்க மூத்திரப்பையால அடக்க முடியலன்னு நினைச்சீங்க," என்றார் டாக்டரம்மா. "அப்படி இல்லம்மா. அதால காலி பண்ண முடியல. நிரம்பிடுச்சுன்னு சொல்ற நரம்பும் செத்துப்போச்சு, பிழிஞ்சு வெளிய தள்ளுன்னு சொல்ற நரம்பும் செத்துப்போச்சு. அதனால நிரம்பி நிரம்பி, இடமில்லாம வழியுது. நீங்க பாக்கறது அந்த வழியறதைத்தான்."

"நரம்பு திரும்ப வராதுங்களா?"

"இவ்வளவு நாளுக்கப்புறம் வராது."

ஊசி போட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். தேங்கிய நீர் மேலே எதிர்த்துப் போய் இரண்டு கிட்னியும் வீங்கியிருந்தன. "இன்னும் கெட்டுப்போகல," என்றார் டாக்டரம்மா. அந்த 'இன்னும்' என்கிற வார்த்தை அவள் காதிலேயே தங்கிவிட்டது.

இனி தினமும் தன் கையாலேயே டியூபைப் போட்டு மூத்திரத்தை எடுத்துவிடவேண்டும் என்றபோது அவள் மாட்டேன் என்றாள். நிரந்தரமாகவே ஒன்றை வைத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். உள்ளேயே கிடக்கிற டியூபில் கிருமி ஏறும், கல் பிடிக்கும் என்று மறுத்துவிட்டார்கள். நர்ஸ் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்தார். நாற்பது வயதுக்கு மேல், தன் உடம்பில் அவள் ஒருநாளும் பார்த்திராத இடத்தைப் பார்க்கவேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.  உணர்ச்சியில்லாத இடத்தில் குத்திக்கொண்டால்கூடத் தெரியாதே! தவறான இடத்தில் போனது, மடங்கியது, கீழே விழுந்தது. நர்ஸ் கோபிக்காமல் வேறொரு டியூபை எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் டியூபின் மறுநுனியில் மூத்திரம் வந்தபோது அவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

"சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்க. டியூபைக் கழுவி, வீட்டுல கொதிக்க வையுங்க. தண்ணி நல்லாக் குடிங்க. வயித்தை அமுக்கி, முக்கி எடுக்காதீங்க, அது மேல கிட்னிக்கு ஏறும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, போகணும்னு தோணினாலும் தோணாட்டியும்," என்றார் நர்ஸ். "உங்களுக்குத் தோணாதில்லையா? அதனால கடிகாரம் பாத்துத்தான்."

கடிகாரத்தைவிட அவளுக்குப் பாங்குச் சத்தம் பழக்கம். ஒவ்வொரு தொழுகைக்கும் ஒளு செய்வதற்கு முன்னால் டியூப் போட்டு எடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டாள். காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவிலிருக்கும் நீண்ட இடைவெளியில் இன்னொரு தடவை. பள்ளிவாசல் இல்லாத ஊர்களுக்காக நூர் பாஷா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். லாரி சீட்டில் மிஞ்சிய ரெக்சினில் டியூபுக்கு ஒரு அறை, சோப்புக்கு ஒரு அறை, கண்ணாடிக்கு ஒரு அறை என்று ஒரு பை தைத்தார்.

எல்லாம் உடனே நேராகிவிடவில்லை. ஒருநாள் டியூபில் ரத்தம் தெரிந்தது. செத்தேன் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆவணியில் பல் கிட்டுகிற குளிர் காய்ச்சல் வந்து மாதப்பனின் கதை முழுவதும் கண்முன் வந்தது. மூத்திரம் கலங்கி நாறினால், குளிர் வந்தால் உடனே வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அன்றே ரயில் ஏறினார்கள். ஊசிகளோடு ஒரு வாரம் படுக்கையில் கிடந்து எழுந்தாள். கையை அவசரத்தில் கழுவாமல் விட்ட ஒரு நாளை நினைத்து நினைத்துப் பயந்தாள். அதற்கப்புறம் சோப்பைத் தொடாமல் டியூபைத் தொட்டதில்லை. ஒழுகுவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முழுக்க நிற்கவில்லை. ஒரு மடிப்புத் துணி போதும் என்கிற அளவுக்கு வந்தது.

சில ஊர்களில் அவளைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். தீர்த்தம்மாளும் தான் சொன்னபடியே செய்தாள். பேரன் பிறந்தபோது வளையலுக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டாள். நல்லம்பள்ளிச் சந்தையில் பார்த்தால் மட்டும் கிட்டே வந்து, "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். ஜான் பீ புதிய ஊர்களைத் தேடி சேலம் ரோட்டில் போக ஆரம்பித்தாள்.

அப்படி ஒரு நாள், தொப்பூர்க் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து ரோடு அடைத்துக்கொண்டது. உச்சி வெயில். பஸ் நகரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள்; நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. வயிறு ஒன்றும் சொல்லவில்லை. அது சொல்லாதிருப்பதுதான் பயங்கரம். அந்த எனாமல் பாத்திரத்தின் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. உள்ளே ஏறுகிறது, ஏறுகிறது, கிட்னிக்கு ஏறுகிறது. புருஷனின் ஷெட் கணவாய்க்கு அந்தப் பக்கம், நடந்து போகமுடியாது.

இறங்கினாள். ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையில் லாரிக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். கல்லாவில் ஒரு நடுவயதுப் பெண் இருந்தது தெம்பைக் கொடுத்தது.

"அக்கா, எனக்கு ஒடம்புல ஒரு கோளாறுங்க. கதவு மூடற எடம் ஒண்ணும், ஒரு செம்பு நல்ல தண்ணியும் வேணும்," என்றாள்.

அந்தப் பெண் ஏற இறங்கப் பார்த்தாள். "விறகு ரூம்புதான் இருக்குது. லைட்டு இல்ல, பரவாயில்லியா?"

உள்ளே கும்மிருட்டு. கண்ணாடி அங்கே உதவாது. வெளியே ஆட்கள் பேசுகிற சத்தம், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பெட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். விரல் நுனியால் தடவி இடத்தைக் கண்டுபிடித்தாள். வேர்வை கண்ணில் இறங்கியது. முதல் தடவை தவறியது. பிஸ்மில்லா சொல்லி டியூபை மறுபடி கழுவி நுழைத்தாள். வந்தது. தரையில் விழுகிற சத்தம் நின்று, சொட்டி, ஓயும் வரை அசையாமல் காத்திருந்தாள். பிறகு எல்லாவற்றையும் கழுவிவிட்டு வெளியே வந்து, கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி முழுவதும் குடித்தாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை வேலூருக்குப் போகவேண்டும். எக்ஸ்ரே படத்தை டாக்டரம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும்போது ஜான் பீ படத்தைப் பார்க்கமாட்டாள், டாக்டரம்மாவின் முகத்தைத்தான் பார்ப்பாள். எண்பத்தொன்பதில் போனபோதும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். 

"வீக்கம் வடிஞ்சது வடிஞ்சபடியே இருக்கும்மா. நல்லா வச்சிருக்கீங்க. அடுத்த வருஷம் வாங்க."

சரிங்க என்று தலையாட்டினாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று நர்ஸிடம் கேட்டாள்.